புள்ளி வைத்தது யார்?



சித்திரையில் மதுரைக்குப் பக்கத்து அழகர் மலையை விட்டுக் கள்ளழகர் எப்படிப் புறப்படுகிறார்? கொண்டை போட்டு, வளைதடி பிடித்து, கள்ளர் கோலத்தில். காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் நகைக்கணக்கை ஒப்பித்த பிறகுதான் பல்லக்கு நகரும். சாமியே விரும்பிப் போட்ட வேஷம் அது.

கள்ளர் என்ற அந்தச் சாதிப் பேரைத்தான் வெள்ளைக்காரன் குற்றப் பதிவேட்டில் ஏற்றினான். 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் அது மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர் மேல் பாய்ந்தது. 1918இல் பிரமலைக் கள்ளர் மொத்தமும் அதில் அடக்கம்.

“அந்தச் சாதியில் குற்றம் ஜாஸ்தி, புள்ளிவிவரமே இருக்கு” என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். புள்ளி வைத்தது யார் என்று கேட்க வேண்டாமா? கைரேகை வாங்கியதால் ஊர் ‘ரேகைச் சட்டம்’ என்று சொன்ன இந்தச் சட்டத்தில் பதிவானவன் ராத்திரியானால் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஊர் தாண்ட ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஒருவன் வீட்டில் தங்கிவிட்டால்? அதுவே குற்றம். அதற்கொரு தண்டனை. தண்டனை கணக்கில் ஏறும். ஏறிய கணக்கைக் காட்டி, “பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே!” என்பார்கள். ஒரு கோழிகூடக் களவு போகாத ஊரிலும் குற்றவாளி விளைவான் ஐயா! இந்த வெள்ளாமைக்கு மழையே வேண்டாம்.

களவே நடக்கவில்லை என்று நான் மழுப்பவில்லை. மாடு ஓட்டியதும் உண்டு, களவு போனதைத் திருப்பித் தரத் துப்புக்கூலி வாங்கியதும் உண்டு. ஆனால் ஊர்க்காவல் பார்த்து அந்தக் காவல்கூலியில் வயிறு கழுவியவர்களின் பிழைப்பைப் போலீஸ் வந்து பிடுங்கியதும் உண்டு. அவர்கள் இருந்த மதுரைக்கு மேற்கே நிலமும் வானம் பார்த்த பூமி. இதையெல்லாம் எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. சாதிக்குக் கட்டம் இருந்தது.

1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஊரின் மேல் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. 16 உயிர் போனது. அதில் ஒருத்தி மாயக்காள். இந்த மக்களுக்காக மதுரையில் வழக்காடிய ஜார்ஜ் ஜோசப், கேரளத்துச் செங்கன்னூர்க்காரர். ஊர்க்காரர் வாயில் அவர் ‘ரோசாப்பு துரை’ ஆனார். பிள்ளைகளுக்கும் அந்தப் பேரை வைத்தார்கள்.

1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. சாதிக் கட்டம் ஒழிந்ததா? சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை எடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3. அன்றைக்கு அந்தச் செய்தி நம் கைபேசிக்கும் வந்திருக்கும். பெருவிரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம்.