மாற்றுவதா, பார்ப்பதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஞ்சினியர் ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். "தம்பி, கார்ல இஞ்சின் விளக்கு எரியுது. ஆக்ஸிஜன் சென்சார் போச்சுங்கறாங்க. மாத்தணுமா, வேணாமா?" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். நெல்லுப் பணம் கைக்கு வராத மாதத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆகவே யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சென்சாரின் வேலை என்ன? நம் தஞ்சாவூர்க்காரருக்குச் சுலபமாகச் சொல்லலாம். கடைமடையில் நின்று தலைமதகுக்குச் சேதி அனுப்பும் லஸ்கர் அது. புகைக்குழாயில் இருந்துகொண்டு, வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்க்கிறது. அதை வைத்து இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவையொட்டி இருந்தால்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நச்சுப் புகையைச் சரியாக மாற்றும். 1976-ல் போஷ் நிறுவனத்தின் இந்த சென்சார் வால்வோ கார்களில் வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 அமலான பிறகு, வயலுக்குப் போகிற மோட்டார் சைக்கிளிலும் வந்துவிட்டது. ஆக, இது கார் வைத்திருப்பவர் கவலை மட்டுமல்ல.

இப்போது ஒன்று கேட்கிறேன். கடைமடையிலிருந்து "தண்ணி வரலை"ன்னு சேதி வந்தால் உடனே லஸ்கரையா மாற்றுவோம்? வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்! சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். "ஆக்ஸிஜன் அதிகம்" என்று சென்சார் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக் சரியாக வெடிக்காவிட்டாலும் இதே சேதிதான். ஸ்கேனரில் பி 0135 என்று வந்தால், சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். அது ஃபியூஸாகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம்.

கும்பகோணம் பக்கம் வாடகைக் கார் ஓட்டும் என் உறவினர் ஒருவர், ஒர்க்‌ஷாப் சொன்னபடி புது சென்சார் போட்டார். பத்தே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அடியில் படுத்துப் பார்த்தால் வயரை எலி கடித்திருக்கிறது! அறுவடை முடிந்து வயல் காலியானால் எலி வீட்டுப் பக்கம் வருவது நமக்குத் தெரியாததா? செலவு போனதோடு, இரண்டு நாள் சவாரியும் போயிற்று.

அப்படியானால் எப்போது மாற்றுவது? வயர், ஃபியூஸ், குழாய் எல்லாம் சரியாக இருந்து, மல்டிமீட்டரில் ஹீட்டர் அறுந்ததாகக் காட்டினால் மாற்றத்தான் வேண்டும். சாதாரண வகை சென்சாரில், இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மாறி மாறி ஆட வேண்டும். பெட்ரோல் கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. சில புதுக் கார்களில் முன் சென்சார் வேறு வகை; அதற்கு இந்தக் கணக்கு செல்லாது.

கெட்டது உறுதியானால் தள்ளிப் போடாதீர்கள். பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்து மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அதில் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் பெரும்பாலும் கண்காணிப்புக்குத்தான். அதை அடுத்த சர்வீஸில் மாற்றினாலும் வண்டி ஓடும். ஆனால் அதுவரை கன்வெர்ட்டர் கெட்டால் சொல்ல ஆள் இருக்காது.

தம்பி தங்கைகளே, பாகத்தைக் கழற்றி மாட்ட யாராலும் முடியும். எது கெட்டது என்று காட்டத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். ஊரில் ஒருவர் நம் வார்த்தையை நம்பிப் பணத்தை எடுக்கிறார் என்றால், அதற்கு முன் நாம் ஒருமுறை குனிந்து பார்த்திருக்க வேண்டும்.