குற்றப் பிரேரணை: நீதியும் கட்சியும்

ஒரு நாட்டின் சனாதிபதியை அவருடைய பதவிக்காலம் முடியுமுன்னரே விசாரித்து விலக்குதல் தகுமா என்னும் வினா எழும்போதெல்லாம், அந்நாட்டு மக்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்பதைக் காண்கின்றோம். மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த ஒருவரைச் சிலர் கூடி இறக்குவது மக்களாட்சிக்கே பகை என்பர் ஒரு சாரார். சட்டத்துக்கு மேற்பட்டவர் எவருமிலர். சனாதிபதியும் அதற்கு விலக்கல்லர் என்பர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், சனாதிபதியின் கட்சி மாறியதும், முதற் கூற்றைச் சொன்னவர் இரண்டாவதையும், இரண்டாவதைச் சொன்னவர் முதலாவதையும் எடுத்துப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். இவ்விடமாற்றம் ஏன் நிகழ்கின்றது, அதற்கு மருந்து உண்டா என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதற்கு ஏற்ற களமாகும்.

1787ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரிற் கூடி அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தோர், அரசனின் கொடுமையை நேரில் அறிந்தவர்கள். ஆட்சித் தலைவனை விசாரித்து நீக்க முறையான வழி இல்லையாயின், மக்கள் அவனைக் கொலைசெய்யும் வழியையே நாட நேரும் எனப் பெஞ்சமின் பிராங்கிளின் அங்கு சுட்டிக்காட்டினார். ஆகவே இவ்விசாரணை ஆட்சித் தலைவனுக்கும் பாதுகாப்பே என்பது அவர் கருத்து.

எனினும், எக்குற்றத்துக்காக நீக்கலாம் என்பதிற் சிக்கல் எழுந்தது. தேசத்துரோகமும் கைக்கூலியும் மட்டும் போதா, சீர்கெட்ட நிருவாகத்தையும் சேர்க்கவேண்டும் என ஜோர்ஜ் மேசன் கோரினார். அத்துணை விரிந்த சொல்லைச் சேர்த்தால், மூதவை விரும்பும்வரையே சனாதிபதி பதவியில் இருப்பார் என ஜேம்ஸ் மடிசன் மறுத்தார். ஈற்றில், தேசத்துரோகம், கைக்கூலி என்பவற்றோடு "ஏனைய பெருங்குற்றங்களும் தீச்செயல்களும்" என்னும் பொருள்படும் தொடர் சேர்க்கப்பட்டது. பெருங்குற்றம் எது என்பதற்கு அங்கு வரைவிலக்கணம் தரப்படவில்லை. அன்றுதொட்டு இன்றுவரை நிகழும் வழக்காடல்களுட் பெரும்பாலானவை இத்தொடரிலிருந்தே பிறந்தவை.

நடைமுறையையும் சிறிது விளக்குதல் வேண்டும். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மை வாக்கினாற் சனாதிபதிமீது குற்றஞ்சாட்டலாம். அவ்வளவில் அவர் பதவி இழப்பதில்லை. செனற் என்னும் மூதவையே பிரதம நீதியரசரின் தலைமையில் அவரை விசாரிக்கும். அங்கு சமுகமாயுள்ளோரில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி எனக் கண்டாலன்றி அவரை விலக்கல் இயலாது. இத்தகைய விசாரணை நாட்டைக் கட்சிகளாகப் பிளக்கும் என்றும், தீர்ப்பைக் குற்றமோ குற்றமின்மையோ நிருணயிக்காது கட்சிகளின் பலமே நிருணயிக்கும் ஆபத்து உண்டென்றும் அலெக்சாந்தர் ஹமில்டன் 1788ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார்.

அவ்வெச்சரிக்கை எண்பது ஆண்டுகளின் பின் மெய்யாயிற்று. உள்நாட்டுப் போர் முடிவுறும் வேளையில், 1865ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டார். உப சனாதிபதியாயிருந்த அன்ட்றூ ஜோன்சன் பதவியேற்றார். அடிமைத்தளையினின்று விடுபட்ட ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் காப்பும் வழங்கப்படவேண்டும் எனக் குடியரசுக் கட்சியினர் முயன்றனர். ஜோன்சன் அம்முயற்சிகளுக்குத் தடையாய் நின்றார். 1866ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தை அவர் மறுத்தொதுக்க, கொங்கிரஸ் அம்மறுப்பையும் கடந்து அதனை நிறைவேற்றிற்று. அரசியலமைப்பின் பதினான்காந் திருத்தத்தையும் அவர் எதிர்த்தார். பெருந்தொகையான மக்களின் வாழ்வே இதில் தங்கியிருந்தமையின், அவரை எதிர்த்தோரின் சினம் காரணமற்றதன்று.

ஆனால், அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது? மூதவையின் சம்மதமின்றிச் சனாதிபதி சில உயர் பதவியினரை நீக்கலாகாது என 1867ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஜோன்சன் 1868ஆம் ஆண்டு பெப்ருவரி 21ஆந் திகதி, யுத்த மந்திரியாகிய எட்வின் ஸ்டான்டனைப் பதவியினின்று நீக்கினார். மூன்று நாட்களுள், 126 வாக்குகளுக்கு 47 வாக்குகளாற் பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றஞ்சாட்டத் தீர்மானித்தது. சாட்டப்பட்ட பதினொரு குற்றங்களிற் பெரும்பாலானவை ஸ்டான்டனின் நீக்கத்தைச் சுற்றியே அமைந்தன. ஸ்டான்டனோ லிங்கனால் நியமிக்கப்பட்டவர். அச்சட்டம் அவரைக் காக்குமா என்பதே ஐயத்துக்கிடமாயிருந்தது. ஒரு குற்றம், சனாதிபதி கொங்கிரசை இழித்துப் பேசினார் என்பது மட்டுமே.

நேயர்கள் இவ்விடத்தைச் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். ஜோன்சன் மீதிருந்த உண்மையான வெறுப்பு ஒன்று. வழக்கில் எழுதப்பட்ட குற்றம் வேறொன்று. மக்களுக்கு அவர் இழைத்த தீங்கு பெரிது. ஆயின் அதைச் சட்டப்படி குற்றமென நிறுவுதல் அரிதாயிருந்தது. நிறுவ எளிதாயிருந்ததோ ஒரு மந்திரியின் நீக்கம். பெரிய காரணத்துக்காகச் சிறிய குற்றத்தைக் கருவியாக்கியதே அவ்வழக்கின் வலுக்குறைவாயிற்று.

1868 மே 16ஆந் திகதி வாக்கெடுப்பு நடந்தது. மூதவையினர் 54 பேர். குற்றவாளியெனத் தீர்க்க 36 வாக்குகள் தேவை. கிடைத்தவை 35. ஒரே வாக்கினாற் சனாதிபதி தப்பினார். மே 26ஆந் திகதி வேறிரு குற்றங்கள்மீது நடந்த வாக்கெடுப்பிலும் அதே எண்ணிக்கையே வந்தது. குடியரசுக் கட்சியினர் எழுவர் தம் கட்சியைவிட்டு விலகி, குற்றவாளியல்லர் என வாக்களித்தமையே இதற்குக் காரணம். அவர்களுள் அயோவா மாநிலத்து ஜேம்ஸ் கிறைம்ஸ் பக்கவாத நோயால் வீழ்ந்திருந்தார். அவரைச் சபைக்குத் தூக்கிவந்தனர். கன்சாஸ் மாநிலத்து எட்மண்ட் றொசுக்கு ஊரிலிருந்து கடுந்தந்திகள் வந்தன. பெரும்பான்மையோர் முக்கியமெனக் கருதும் ஒரு கருமத்தில் மாறுபட்டதற்காகச் சனாதிபதியை நீக்கத் தொடங்கினால், இனிவரும் எச்சனாதிபதியும் தப்பமுடியாது என்பது இல்லினோய் மாநிலத்து லைமன் டிரம்பலின் வாதம்.

எழுவரையும் வீரராக்கிப் புகழ்வோரும் உளர். நாம் அவ்வளவு விரைதல் தகாது. உப சனாதிபதி பதவி வெறுமையாயிருந்தமையால், மூதவையின் தற்காலிகத் தலைவராகிய பெஞ்சமின் வேட் என்பவரே ஜோன்சனின் இடத்துக்கு வரவேண்டியவராயிருந்தார். அவரை விரும்பாமையும் சிலரது மனத்தை அசைத்திருக்கலாம். கைக்கூலி பற்றிய ஐயமும் எழுந்து, சபைக் குழுவொன்று ஆராய்ந்தது. எனினும் அது நிலைநாட்டப்படவில்லை. அவர்களுள் எவரும் மீண்டும் மூதவைக்குத் தெரிவாகவில்லை என்பது வரலாறு. வழக்கின் அடிப்படையாயிருந்த சட்டம் 1887ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதென 1926ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் கருத்துரைத்தது.

இனி, இதற்கு மறுதலையான ஒரு வழக்கைக் காண்போம். 1972 ஜூன் மாதத்தில், வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த சனநாயகக் கட்சிப் பணிமனையுள் ஆட்கள் களவாகப் புகுந்து பிடிபட்டனர். அதனை மறைக்கும் முயற்சியிற் சனாதிபதி றிச்சாட் நிக்சனுக்குப் பங்குண்டா என்பது வினாவாயிற்று. தொடக்கத்தில் அவர் கட்சியினர் இது பகைவரின் சூழ்ச்சி என்றே வாதித்தனர். 1974 ஜூலை 24ஆந் திகதி, உரையாடல் ஒலிப்பதிவுகளைச் சனாதிபதி ஒப்படைக்கவேண்டும் என உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. மூன்று நாட்களின் பின், பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு 27 வாக்குகளுக்கு 11 ஆக முதற் குற்றச்சாட்டை ஏற்றது. நிக்சனின் சொந்தக் கட்சியினர் அறுவரும் அதற்கு வாக்களித்தனர். ஓகஸ்ட் 5ஆந் திகதி வெளிவந்த ஒலிப்பதிவு, விசாரணையைத் தடுக்க அவரே வழி சொன்னதைக் காட்டிற்று. அதுவரை அவருக்காக வாதாடியோரும் கைவிட்டனர். ஓகஸ்ட் 9ஆந் திகதி அவர் பதவி துறந்தார். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு இடமே ஏற்படவில்லை. கட்சிப்பற்றைச் சான்று வென்ற நிகழ்ச்சி இது.

அதன்பின் நிகழ்ந்தவை நமது நினைவுக்கு அண்மையானவை. 1998 டிசெம்பரில் பில் கிளின்ரன் மீது பொய்ச்சத்தியம், நீதிக்கு இடையூறு என்னும் குற்றங்கள் சாட்டப்பட்டன. 1999 பெப்ருவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் கட்சியைச் சேர்ந்த மூதவையினர் 45 பேரில் ஒருவரேனும் அவருக்கு மாறாக வாக்களிக்கவில்லை. டொனால்ட் ட்ரம்ப் மீது 2019 டிசெம்பரிலும், மீண்டும் 2021 ஜனவரியிலும் குற்றஞ்சாட்டப்பட்டது. முதல் வழக்கில் அவர் கட்சியினருள் மிற் றொம்னி ஒருவரே, அதுவும் ஒரு குற்றத்தில் மட்டும், அவருக்கு எதிராக வாக்களித்தார். இரண்டாவதில் எழுவர் வாக்களித்தனர். 57 வாக்குகள் கிடைத்தும், தேவையான 67 கிடைக்கவில்லை. 1868இல் எழுவர் தம் கட்சியை மீறிச் சனாதிபதியைக் காத்தனர். 2021இல் எழுவர் தம் கட்சியை மீறிச் சனாதிபதிக்கு எதிராக நின்றனர். எண்ணிக்கை ஒன்றே, திசைதான் வேறு.

நமது நாட்டு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரையும் சனாதிபதியை நீக்க வழி வகுத்துள்ளது. இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேற்றிய பின், உயர் நீதிமன்றம் குற்றச்சாட்டை விசாரித்து அறிக்கையிடவேண்டும். குற்றம் நிறுவப்பட்டதாக அறிக்கை வந்த பின்னரும் மூன்றிலிரண்டு வாக்குகள் வேண்டும். 1991ஆம் ஆண்டிற் சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட பிரேரணை, செல்லுபடியான கையொப்பங்கள் போதாவெனச் சபாநாயகர் அறிவித்தமையால் அவ்வளவில் நின்றுவிட்டது.

இவையெல்லாவற்றிலுமிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மூன்றிலிரண்டு என்னும் விதியைப் பலர் வெறுந் தடையெனக் கருதுவர். அது தடையன்று, ஒரு வினா. எதிர்க்கட்சியினரையும் இணங்கவைக்கத்தக்க சான்று உன்னிடம் உண்டோ எனக் குற்றஞ்சாட்டுவோனை அது கேட்கின்றது. இதே செயலை மறு கட்சித் தலைவன் செய்திருந்தால் நீ பொறுப்பாயோ எனச் சனாதிபதிக்காக வாதாடுவோனையும் அது கேட்கின்றது. முதல் வினாவை மறந்தால், தேர்தலில் தோற்றவர் கையில் இது பழிவாங்கும் கருவியாகிவிடும். இரண்டாவதை மறந்தால், எத்துணைக் கொடிய குற்றம் புரிந்தவரும் கட்சியென்னும் கோட்டைக்குள் ஒளிந்துகொள்வர். கருவி துருப்பிடித்துப் பயனற்றதாகும். இரண்டும் ஒத்த கேடுகளே.

பாடசாலை விவாதங்களிற் சீட்டுக் குலுக்கி மாணவரைப் பக்கம் பிரிக்கிறோம். காலையிற் சீட்டில் வந்த பக்கத்தை, மாலையிற் பிள்ளை தன் ஆழ்ந்த நம்பிக்கையாகவே கருதிப் பேசுவதை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்பர். வளர்ந்தோராகிய நாமும் கட்சியென்னும் சீட்டை எடுத்த பின்னரே நியாயங்களைத் தேடுகின்றோம். இதனை முற்றாக ஒழித்தல் எளிதன்று. ஆயினும், ஒரு சிறு பயிற்சி நம்மாலாகும். பத்திரிகையில் ஒரு குற்றச்சாட்டைப் படிக்கும்போது, அதிலுள்ள பெயரை எடுத்துவிட்டு, நாம் வாக்களித்த தலைவரின் பெயரை அங்கு இட்டுப் பார்ப்போம். அப்பொழுதும் நம் தீர்ப்பு மாறாதிருந்தால், அது நீதி. மாறினால், அது கட்சி.