சுவர் விழுமுன் கேளுங்கள்!

(துடியலூரில் வாடகைக் குடித்தனக்காரர்களிடையே ஆற்றிய உரை)



நம் துடியலூர் வழியாகச் செல்லும் இதே சாலை மேட்டுப்பாளையத்துக்குப் போகிறது. அங்கே நடூரில், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, கொட்டும் மழையில், வசதி படைத்த ஒருவர் வீட்டின் சுமார் 20 அடி உயர மதில் சரிந்து, அடுத்திருந்த ஏழைகளின் ஓட்டு வீடுகள்மேல் விழுந்தது. உறங்கிக் கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அத்தனை பேரும் தாழ்த்தப்பட்ட உழைப்பாளி மக்கள். ஆபத்தை முன்பே சொன்னோம், கேட்பாரில்லை என்று ஊரார் கதறினர். மதிலின் உரிமையாளர் கைதானது சாவுக்குப் பிறகு. நிவாரணம் வந்ததும் சாவுக்குப் பிறகு!

மழையா கொன்றது? மழை எல்லோர் வீட்டின்மேலும்தான் பெய்தது. கொன்றது அலட்சியம்.

நடூரில் விழுந்தது பக்கத்து வீட்டு மதில். நம் லைன் வீடுகளில் விழக் காத்திருப்பதோ, நாம் மாதம் தவறாமல் வாடகை கொடுக்கும் சுவர்! உளுத்த உத்திரம், ஈரச் சுவரில் பல்லிளிக்கும் மின்கம்பி, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. கேட்டால், "இஷ்டமில்லையென்றால் காலி செய்" என்கிறார் வீட்டுக்காரர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு போன்ற சில்லறைப் பழுது நம் பொறுப்பு. நாம் உடைத்ததும் நம் பொறுப்பே. அவர் செய்ய மறுத்தால், நாமே பழுது பார்த்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அலட்சியத்தால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வாடகைச் சட்டம் நகரப் பகுதிக்குத்தான். துடியலூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆகவே நமக்கு உண்டு. சுற்றுக் கிராமங்களில் பண்ணை வேலை செய்யும் தோழர்களுக்கு இல்லை. அவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். நகரத்திலும், வாய்ப்பேச்சில் குடியேறியவர் வாதாட வழியின்றித் தவிக்கிறார். ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள்.

விரிசலைக் கண்டால் படம் எடுங்கள். தேதியிட்டு எழுதி வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக் கொள்ளுங்கள். அசையவில்லையானால், மாநகராட்சிக்கும் வாடகை அதிகாரிக்கும் மனுச் செய்யுங்கள். தனியாகக் கேட்பவரைக் காலி செய்யச் சொல்வது சுலபம். லைனில் உள்ள பத்துக் குடும்பமும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால், பத்து வீட்டையும் பூட்டி வைக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனம் வராது.

அடுத்த மழைக்கு முன் அந்த மனுவை எழுதுங்கள், தோழர்களே!