அரை அடிக் கணக்கும் அச்சிட்ட தாளும்

கல்லூரியில் கண்டது கழனிக்கு வந்து சேர, மாதம் ஒரு செய்திமடல் அச்சாகி ஊர்தோறும் போக வேண்டும் என்பதே என் வாதம். கைப்பேசிக் காலத்தில் காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வானொலி வழியாகப் பரவி 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியதே என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் புது ரகத்தைக் கேள்விப்பட்டவர் விதை வாங்கினால் போதும். அதன் குணம் விதைக்குள்ளேயே இருக்கிறது. வேளாண் பொறியியல் அறிவோ முழுக்க அளவில் இருக்கிறது. அளவு பிசகினால் முறையே பிசகிவிடும்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையையே எடுத்துக்கொள்வோம். ஓரடி நீளத்தில் ஒரு பிவிசி குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். வரப்போரம் பாதிக்குழாய் மண்ணுக்குள் இறங்கும்படி அடித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், வயலுக்குள் நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அது தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் வயல் காயவே கூடாது. குழாயை அடிக்கும் விதத்தைக் காணொளி நன்றாகவே காட்டிவிடும். ஆனால் இந்தப் பூப்பருவ விலக்கு தேவைப்படும் நாளில், பார்த்த காணொளியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மறந்தால் கதிர் பதராகும். தாளென்றால் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும்.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்பது அடுத்த கேள்வி. டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பது நமக்குப் புதிதா என்ன? படிக்கத் தெரிந்தவரையே விரட்டுகிற நடைதான் பெரிய தடை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 'உழவரின் வளரும் வேளாண்மை' என்ற மாத இதழை வெளியிட்டு வருகிறது. ஆகவே அச்சு வழி நமக்குப் பழகியதே. அதோடு பொறியியலுக்கென்று நாலு பக்க மடல் ஒன்று வரட்டும். பேராசிரியர்களே, 15 செ.மீ. என்று எழுதும் இடத்தில் அரை அடி என்றும் எழுதுங்கள். குறுவைக்கான குறிப்பு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே கைக்கு வரட்டும். கடைசிப் பக்கத்தை உழவரின் கேள்விக்கு ஒதுக்குங்கள். மணற்பாங்கான வயலில் இந்த முறை எடுபடவில்லை என்று ஒருவர் எழுதினால், அதையும் பதிலோடு அச்சிடுங்கள். எங்கே பலிக்காது என்பதையும் சொல்லுகிற மடலைத்தான் உழவர் நம்பிப் பின்பற்றுவார்.