மூன்று மாதம் வாயைக் கட்டியது போதும்

தாய்மார்களே, வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழிகளே, பின்வரிசையில் கைகட்டி நிற்கும் ஆண்மக்களே!

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்துகிறோம். கலந்த சோறு வகைவகையாய்க் கட்டுகிறோம், இரண்டு கை நிறைய வளையல் அடுக்குகிறோம். நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் அதே பெண் இரண்டாம் மாதத்தில், விடிந்தும் விடியாமல் கொல்லைப்புறத்தில் ஓங்கரித்துக்கொண்டு நின்றாளே, அப்போது அவள் தலையைப் பிடித்துக்கொண்டவர் யார்? யாருமில்லை. "மூணு மாசம் முடியட்டும், வெளியே மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்" என்று சொல்லி அவள் வாயைக் கட்டியவர்கள் நாம்தானே!

அந்த மூன்று மாதத்தில் உள்ளே நடப்பது என்ன? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நாள் தள்ளிப்போயிற்று என்று நமக்கு உறைக்கும்போதே நாலு வாரம் ஓடிவிடுகிறது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய் ஆறாவது வார வாக்கில் மூடிக்கொள்கிறது. சரியாக மூடாமல் போனால் அது பிறவிக் குறை. அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் ஃபோலிக் அமில மாத்திரை, தினம் 400 மைக்ரோகிராம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கவேண்டிய மாத்திரை அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் ஒளித்துவைத்துவிட்டு நீங்கள் போய் நிற்கும்போது, நரம்புக்குழாய் தன் வேலையை முடித்து ஆறு வாரம் ஆகியிருக்கும்!

மசக்கைக்கு வருகிறேன். பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், நாலாம் மாதத்தில் பலருக்கும் தணியும். தாளிக்கும் வாசனை ஆகாது. மார்பு கனக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். நின்ற இடத்தில் தூக்கம் வரும். வயிறு வெளியே தெரியாததால், "உனக்கென்ன வந்தது?" என்கிறார்கள். "நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே பெத்தவங்க" என்கிறார் மாமியார். அம்மா, உங்களுக்கு அன்று நடந்தது கொடுமை. அதை மருமகளுக்குச் சொத்தாக எழுதிவைக்காதீர்கள்.

எல்லா வாந்தியும் மசக்கை என்று விட்டுவிடவும் கூடாது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கருமஞ்சளாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றவேண்டிய நிலைமை. அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடுத்த வலி, உதிரப்போக்கு, தலைசுற்றி மயக்கம் என்றால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள். "யாருக்கும் சொல்லவில்லையே, இப்போது எப்படிக் கூப்பிடுவது?" என்று ஒரு பெண் தயங்கும்படி வைத்திருக்கிறோமே, இது என்ன நியாயம்?

இனி, யாரும் மேடையில் பேசாததைப் பேசுகிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் இந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான். அப்படிக் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். அவள் மாடிப்படி ஏறியதும் காரணமில்லை, குடம் தூக்கியதும் காரணமில்லை. ஆனால் நம் வீடுகளில் விசாரணை எப்படி நடக்கிறது? "என்னத்தைத் தின்னா? எங்கே போனா?" கர்ப்பத்தையே யாருக்கும் சொல்லாததால், இழப்பைச் சொல்லி அழவும் ஆளில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போய் நிற்கிறாள், உதிரம் நிற்பதற்கு முன்பே!

தோழிகளே, கருச்சிதைவு ஆனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டமே எழுதிவைத்தது. ஈ.எஸ்.ஐ.யிலும் அதே ஆறு வாரம் உண்டு. 26 வார விடுப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த ஆறு வாரம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டத்தின் சுருக்கத்தை வேலையிடத்தில், அந்த வட்டாரத்து மொழியில், கண்ணில் படும்படி ஒட்டவேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொன்னது. உங்கள் ஆலைச் சுவரில் பார்த்திருக்கிறீர்களா?

நம் அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் தருகிறது, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். 12 வாரத்துக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது அதன் விதி. மூன்று மாதம் மறைக்கச் சொல்லும் வழக்கம் அந்தப் பணத்திலும் கைவைக்கிறது.

ஆண்மக்களே, நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே மனைவியோடு நீங்களும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள், கிராம செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. செவிலியருக்குத் தெரியவேண்டும், வீட்டில் இருப்பவருக்குத் தெரியவேண்டும், பக்கத்து மெஷினில் நிற்கும் ஒருத்திக்காவது தெரியவேண்டும். தோழிகளே, நாளைக் காலை வேலைக்குப் போனதும் பத்துப் பேராகச் சேர்ந்து நிர்வாகத்திடம் போங்கள். அந்த ஆறு வார விடுப்பைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்!