வாடுவது வேறு, அழுகுவது வேறு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தருமபுரியில் நின்றுகொண்டு பூவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் விடியலில் சாமந்தியோ குண்டுமல்லியோ பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் நமக்குத் தெரிந்த பூ கிலோவில் விற்பது, முழத்தில் அளப்பது. அதற்கு நீளக் காம்பு வேண்டியதில்லை. காம்போடு வெட்டும் கொய்மலர் என்றால், 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாதான் நினைவுக்கு வரும். வீட்டுத் தோட்டத்துச் சாமந்தியை ஒரு சாண் காம்போடு நறுக்கினால் என் மாமியாரே, "சாமிக்கு ஆகிற பூவை இப்படியா வெட்டுவது?" என்பார்.

ஐப்பசி மழையில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக முடியாது. அதனால் பூவை வகுப்புக்குள் கொண்டுவருகிறேன். அலுவலர் வரும் நாளில் மேசைக்கு வரும் பிளாஸ்டிக் பூவைவிட இது மேல்.

வெயிலில் பூ வாடும், மழையில் அழுகும். இரண்டும் ஒன்றல்ல. பூவுக்குத் தண்ணீர் போய்ச் சேராவிட்டால் வாடும். இதழில் ஈரம் பல மணி நேரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகும். ஆகவே மழை விட்டபிறகு வெட்டுங்கள். இதழைத் துணியால் துடைக்காதீர்கள், கசங்கும். தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறி, நிழலில் சற்று நேரம் தொங்கவிட்டால் போதும். ரோஜாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு பழுத்திருந்தால் கிள்ளிவிடலாம்.

காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே புது பிளேடால் சாய்வாக நறுக்க வேண்டும். வெளியே நறுக்கினால் சைலம் குழாய்க்குள் காற்று புகுந்து நீரேற்றத்தைத் தடுக்கும். இந்த வேலை மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். தண்ணீருக்குள் முங்கும் இலைகளை உருவிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகிக் குழாயை அடைக்கும். பூ தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். பத்தாம் வகுப்பில் சாற்றேற்றம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல உபகரணம் கிடையாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மூடாக்கு நாளில் செடி குறைவாகவே உணவு தயாரித்திருக்கும் என்பதால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து.

அடுக்கும்போது நெருக்காதீர்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே காற்று நுழைய வேண்டும். அழகுக்கும் அதுவே நல்லது. பக்கத்தில் பழுத்த வாழைப்பழம் வேண்டாம். அதிலிருந்து வரும் எத்திலீன் பல பூக்களைச் சீக்கிரம் முதிரச் செய்யும். சம்பங்கி அடியிலிருந்து மேலாக மலரும், வாடிய கீழ்ப்பூக்களை அவ்வப்போது எடுத்துவிட்டால் நுனி மொட்டுவரை பார்க்கலாம். செம்பருத்தியை இதற்குப் பறிக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு நாள்தான் அதன் ஆயுள்.

எட்டாம் வகுப்பில் ஒரே செடியின் சாமந்தியை இரண்டு பாட்டிலில் வைத்தோம். ஒன்றில் உதறிய பூ, இடைவெளி விட்டு. மற்றதில் நனைந்த பூ, நெருக்கித் திணித்து. எது முதலில் கெடும் என்று கேட்டேன். அதுவரை அறிவியல் வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்து, "ஈரப் பூவை மூட்டை கட்டினா உள்ளே கை வைக்க முடியாது டீச்சர், சுடும். மார்க்கெட்டுல கேட்கவே மாட்டாங்க" என்றாள். பறித்த பின்னும் பூ சுவாசிக்கிறது, அதில் வெப்பம் வெளிப்படுகிறது என்று நான் கரும்பலகையில் எழுதவேண்டிய பாடம் அது. மூட்டைக்குள் கை விட்டே அவள் அறிந்திருக்கிறாள். அன்று சுவாசித்தல் பாடத்தை அவள் வீட்டுச் சாமந்தி மூட்டையிலிருந்தே தொடங்கினேன்.

"அப்போ மழையில பறிச்ச பூவை என்ன பண்றது?" என்று அடுத்து ஒரு பையன் கேட்டான். நிழலில் மெல்லிதாகப் பரப்பி, ஈரம் போனபின் கட்டலாம் என்றேன். "எங்க வீட்ல பரப்ப இடம் இல்ல டீச்சர்" என்றான். அந்தக் கேள்வியை நான் இன்னும் கரும்பலகையிலிருந்து அழிக்கவில்லை. பூ விளையும் ஊர்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்று தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள்.