விளம்பரத்தில் வராத விலை

முதல் உலக யுத்த காலத்துச் சென்னை மாகாணப் பத்திரிகையைப் பிரித்தால், செய்தியோடு போட்டி போட்டுக்கொண்டு விளம்பரங்கள் நம் கண்ணில் படும். மோட்டார் கார், டயர், கடிகாரம், சோப்பு, டானிக்! சென்னை சிம்ப்ஸன் கம்பெனி 1903-லேயே நீராவிக் கார் செய்துவிட்டது. துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும் காரில் ஏறினார்கள்.

நம் பக்கம் எப்படி? செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டுவண்டியில் மாமல்லபுரம் போன காலம் அது. அந்தப் பாதையோரம் நாற்று நட்ட படியாட்களுக்கு வேண்டியவை மூன்றே: அரிசி, துணி, மண்ணெண்ணெய். இவற்றின் விலை யுத்தத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. சீமைத் துணி வரத்தும் குறைந்தது.

பின்னி ஆலைகள் ராணுவத்துக்குக் காக்கி நெய்தன. நெய்தவர்களுக்கோ மதியச் சாப்பாட்டுக்கு அரை மணிதான்! 1918 ஏப்ரல் 27-இல் அவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், விலை தாங்காத சென்னை ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள். சூறை சில நாளில் அடங்கியது. சங்கம் நிலைத்து நின்றது.

இன்று செங்கல்பட்டு மாவட்டமே கார் செய்யும் பூமி. 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை கார் உற்பத்தியை நிறுத்தியபோது, நியாயமான நஷ்டஈட்டுக்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது.

தோழர்களே! கார் விளம்பரத்தில் காரின் விலை இருக்கும். செய்தவன் கூலி இராது. அதைச் சங்கமாக நின்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.